அஞ்சலாட்சி டீச்சர் பழி தீர்த்த கதை

அஞ்சலாட்சி யாரையும் மன்னித்து நான் பார்த்ததில்லை. எங்கள் பள்ளியில் வேலை பார்க்கிறவர்களில் நான்கு பேரோடு அவள் பேசுவது கிடையாது. அதில் ஒருவர், அவள் பிரசவ விடுப்பில் இருந்தபோது அவளுடைய வகுப்புக்குப் போய், "உங்க டீச்சர் இனிமே வர மாட்டாங்க" என்று விளையாட்டுக்குச் சொன்னவர். பிள்ளைகள் அழுதுவிட்டார்கள். அந்தப் பிரசவத்தில் பிறந்த பெண் உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகும் அந்த மனிதருக்கு இவள் ஒரு வணக்கம் வைத்ததில்லை.

எனக்கு இது பிடிக்கும். மன்னிப்பது பெரிய குணம் என்று ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களை நான் கவனித்திருக்கிறேன். பெரும்பாலும் அவர்களே யாருக்காவது கெடுதல் செய்துவிட்டு, அது சீக்கிரம் மறந்துபோக வேண்டுமே என்று இருப்பவர்கள். அஞ்சலாட்சியிடம் அந்தப் பாசாங்கு கிடையாது. பிடிக்காதவர்களைப் பிடிக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொல்வாள், அதோடு நிம்மதியாகச் சோறு சாப்பிடுவாள்.

நான் ரெட்டியார்பாளையத்துக்காரி, பெயர் நிர்மலா. எங்களுடையது நெல்லும் கரும்பும் போட்ட குடும்பம். கடல் எங்களுக்குப் பொங்கல் விடுமுறையில் போய்ச் சுண்டல் தின்றுவிட்டு வருகிற இடம். அஞ்சலாட்சி மீனவர்கள் இருக்கிற வைத்திக்குப்பத்தில் பிறந்தவள். ஒரே பள்ளியில் ஆளுக்கொரு வகுப்பு, ஒரே ஸ்கூட்டி. காலையில் நான் ஓட்டுவேன், மாலையில் அவள் ஓட்டுவாள். பதினோரு வருடப் பழக்கத்தில் அவள் தன் அம்மாவைப் பற்றி என்னிடம் அதிகம் பேசியதே இல்லை. அம்மா இருக்கிறாள், மீன் விற்கிறாள், மாதம் ஒரு முறை போய்ப் பார்க்கிறேன் என்பதோடு முடித்துக்கொள்வாள்.

சுனாமி வந்த அடுத்த ஆண்டு அவள் வாய் திறந்தாள். அதற்கு ஒரு பயிற்சி வகுப்பு காரணமாக இருந்தது.

அந்தச் சமயத்தில் எங்களுடையது மாதிரி கரையோரப் பள்ளிகளுக்கு வராதவர்களே கிடையாது. பென்சில் கொடுத்தார்கள், பை கொடுத்தார்கள், பிள்ளைகளைப் பார்த்து அழுதார்கள். வருகிறவர்களெல்லாம் அலையைப் படமாக வரையச் சொன்னார்கள். வரைந்தால் பிஸ்கட் பாக்கெட். கொஞ்ச நாளில் பிள்ளைகள் கேட்பதற்கு முன்பே அலையை வரைந்து தயாராக வைத்துக்கொண்டார்கள். ஒரு பையன் பெரிய அலைக்கு இரண்டு பாக்கெட் தருவீர்களா என்று கேட்டானாம். அதே பையன் பள்ளியில் மணி அடித்தால் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவான். அவனை எப்படி வெளியே கொண்டுவருவது என்று வந்தவர்கள் யாருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை.

ஜெனவியேவ் மதாம் அப்போதுதான் வந்தார். சொல்தா வீட்டுப் பெண். அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். இவர் பிரான்சில் மனநல மருத்துவம் படித்து அங்கேயே வேலை பார்த்துவிட்டு, சுனாமிக்காக விடுப்பு எடுத்துக்கொண்டு திரும்பியிருந்தார். பிள்ளைகளோடு தினமும் இருக்கப்போவது டாக்டர் அல்ல, வாத்தியார்தான், அதனால் முதலில் வாத்தியார்களைத் தயார் செய்கிறேன் என்றார். மிஷன் வீதிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் முதல் பயிற்சி நடந்தது. எங்கள் பள்ளியிலிருந்து எங்கள் இருவரையும் அனுப்பினார்கள்.

மதாம் சொன்னவை கேட்பதற்குச் சின்ன விஷயங்கள். மனதில் அடிபட்ட பிள்ளையைப் பின்னாலிருந்து தொடாதீர்கள். வாசல் தெரிகிற இடத்தில் உட்கார விடுங்கள், கதவைச் சாத்தாதீர்கள். அடுத்து என்ன செய்யப்போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்யுங்கள். நடந்ததைச் சொல் சொல் என்று பிடுங்காதீர்கள், அதுவாகச் சொன்னால் வேலையை விட்டுவிட்டுக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தப் பிள்ளையை மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் வெட்கப்பட வைக்காதீர்கள்.

கடைசியாகச் சொன்னதைக் கேட்டதும் அஞ்சலாட்சி எழுந்து வெளியே போய்விட்டாள். நானும் பின்னால் போனேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். அங்கே வைத்துத்தான் ஒரு துண்டைப் பற்றிச் சொன்னாள்.

அவள் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அவளுடைய அப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. அம்மாவாசை என்பது அவர் பெயர். கூடப் போனவர் நீந்திக் கரை சேர்ந்துவிட்டார். கட்டுமரம் மட்டும் கனகசெட்டிக்குளத்துப் பக்கம் ஒதுங்கியது. அதன் கயிற்றில் அவருடைய துண்டு முடிந்திருந்தது. உடம்பு கிடைக்காதவருக்கு அவர்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. கருமாதி அன்று வைக்கோலில் ஓர் ஆள் செய்து, போனவர் கடைசியாக உடுத்திய துணி எதையாவது அதற்குக் கட்டி, கரையில் வைத்துக் கொள்ளி போடுவார்கள். கடையில் வாங்கிய புதுத்துணி ஆகாது. அவருடைய வேர்வை பட்ட துணியாக இருந்தால்தான் அவர் கரையேறினார் என்று அர்த்தம். அம்மா சின்னப்பாப்பா அந்தத் துண்டைத் துவைக்காமல் பானைக்குள் பத்திரமாக வைத்திருந்தாள்.

அஞ்சலாட்சி அதை எடுத்துப் பள்ளிக்கூடப் பையில் வைத்துக்கொண்டாள். காரணம் வேறொன்றுமில்லை, அதில் அப்பா வாசனை இருந்தது. வகுப்பில் அழுகை வந்தால் பைக்குள் முகத்தை வைத்துக்கொள்வாள். கணக்கு வாத்தியார் நாராயணசாமி அதைக் கண்டுபிடித்துவிட்டார். மீன் கவுச்சி அடிக்கிறது என்று எல்லோரையும் மூக்கைப் பிடிக்கச் சொன்னார். அந்தத் துண்டாலேயே கரும்பலகையைத் துடைக்க வைத்தார். பிறகு பள்ளிக்குப் பின்னால் ஓடிய பெரிய வாய்க்காலில் அதைப் போட்டுவிட்டு வரச் சொன்னார். போட்டுவிட்டு வந்தாள். சாயந்திரம் தேடிப் போனபோது அது இல்லை.

வீட்டில் துண்டு எங்கே என்று கேட்டார்கள். காணோம் என்றாள். வாத்தியார் பெயரைச் சொன்னால் அம்மா பள்ளிக்கு வந்து மண்ணை வாரித் தூற்றுவாள், அதோடு படிப்பு நின்றுபோகும் என்று பயம். சின்னப்பாப்பா துடைப்பக்கட்டையால் அடித்தாள். வைக்கோல் ஆளுக்குக் கடைத்துணியைக் கட்டிக் காரியத்தை முடித்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வோர் அமாவாசைக்கும் படையல் போடும்போது சின்னப்பாப்பா ஒரு வார்த்தை சொல்வாள். பெண் டீச்சர் வேலைக்குப் போன அன்றும் அதையே சொன்னாளாம்.

"அப்பன கரையேற வுடாம பண்ணவ."

படிக்கட்டில் உட்கார்ந்து இதைச் சொல்லும்போது அஞ்சலாட்சி அழவில்லை. அவள் கணக்குப் படித்ததும், ஆசிரியர் பயிற்சிக்குப் போனதும் எதற்காக என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"அந்த ஆளு முன்னாடி நானும் ஒரு கணக்கு டீச்சரா போயி நிக்கணும். அதுக்குத்தான் படிச்சேன். நான் வேலைக்கு வர்றதுக்குள்ள அவர காரைக்காலுக்கு மாத்திட்டாங்க. அப்பறம் தூரமா ஏனாம் ஊருக்குப் போட்டாங்க. ஆளு கண்ணுலயே படல."

"இன்னும் ஞாபகம் வச்சிருக்கியா அஞ்சல?"

"ஏன், மறக்கணுமா?" என்றாள்.

மறக்க வேண்டாம் என்றேன். மனதாரத்தான் சொன்னேன்.

மதாமுக்கு அஞ்சலாட்சியைப் பிடித்துப்போனது. பெஞ்சுக்கு அடியில் ஒளிகிற அந்தப் பையனை அவள்தான் வெளியே கொண்டுவந்தாள். அவனை இழுக்கவில்லை, கூப்பிடவுமில்லை. தினமும் மணி அடிப்பதற்கு முன் அவனிடம் போய், "இப்ப மணி அடிக்கப்போறாங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். பிறகு ஒருநாள் மணியடிக்கும் கட்டையை அவன் கையிலேயே கொடுத்தாள். இனிமேல் இவளே மற்ற ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கட்டும் என்றார் மதாம். துணைக்கு என்னைப் போட்டார்கள். கோடை விடுமுறையில், கத்திரி வெயிலில், அடுத்த பயிற்சி தொடங்கியது.

முதல் நாள் காலையில் வந்தவர்கள் ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். மூன்றாவது வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட பெரியவர் எழுந்தார். கனகசெட்டிக்குளத்துப் பக்கத்துப் பள்ளி ஒன்றின் தலைமை ஆசிரியர். அடுத்த வருடம் ஓய்வு.

"நாராயணசாமி" என்றார். "கணக்கு."

அஞ்சலாட்சியின் முகத்தைப் பார்த்தேன். ஒன்றும் ஆகாதவள் போல, "வணக்கம் சார், உக்காருங்க" என்றாள். அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. கல்யாணமாகி இனிஷியல் மாறிவிட்டது, உடம்பும் மாறிவிட்டது. அதைவிட முக்கியம், இவருக்கு நினைவில் வைத்துக்கொள்ள எதுவும் இல்லை. அடித்தவனுக்கு அது இன்னொரு புதன்கிழமை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு பற்றி எரிகிறது.

மதிய சாப்பாட்டுக்கு இறங்கும்போது அஞ்சலாட்சி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நிர்மலா, எனக்கு ஒண்ணுதான் வேணும். அந்த ஆளு எங்கம்மா முன்னாடி வந்து நின்னு, அவரு வாயால சொல்லணும். அம்மாவுக்கு வயசாச்சி. அதுக்குள்ள சொல்லணும்."

"கூப்புட்டா வருவாரா?"

"வர வைக்கிறேன்."

அதற்கு ஒரு வழியும் இருந்தது. அப்பாவையோ அம்மாவையோ இழந்த பிள்ளைகளுக்காகக் கனகசெட்டிக்குளத்தில் மாலை நேர மையம் ஒன்று தொடங்குவதாக இருந்தது. பிள்ளைகள் பள்ளி முடிந்து அங்கே வந்து சாப்பிட்டு, படித்து, விளையாடிவிட்டுப் போகலாம். அதற்குப் பொறுப்பாளராக நாராயணசாமியின் பெயரைச் சொல்லியிருந்தார்கள். ஆனால் பயிற்சி கொடுக்கிறவர்கள் சரி என்று சொன்னால்தான் மதாம் அவரை எடுப்பார். சரி சொல்ல வேண்டியது நாங்கள் இருவரும்.

இரண்டாம் நாள், வெட்கப்பட வைக்காதீர்கள் என்கிற பாடம். அஞ்சலாட்சி அதைச் சொல்லி முடிக்குமுன் நாராயணசாமி எழுந்துவிட்டார்.

"டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. நானும் இத்தினி வருஷமா பாக்கறேன். இந்தப் புள்ளைங்கள கொஞ்சக் கூடாது. கொஞ்சினா அழுதுகினே இருக்கும். எனக்கு ஒரு அனுபவம் இருக்குது, சொல்லலாமா?"

"சொல்லுங்க சார்."

"டவுன்ல வேல பாத்தப்ப குப்பத்துப் பொண்ணு ஒண்ணு. அப்பன் கடல்ல பூட்டான். பைக்குள்ள தலைய வுட்டுக்கினு ஒரே அழுவ. இன்னான்னு பாத்தா உள்ள ஒரு அழுக்குத் துண்டு. ஒரே கவுச்சி. அத வச்சே போர்டத் தொடைன்னு சொன்னேன். தொடச்சிட்டு வாய்க்கால்ல போட்டுட்டு வான்னேன். அவ்ளோதான். மறுநாள்லேர்ந்து அழுவல. நல்லா படிச்சிது. அதிர்ச்சிக்கு அதிர்ச்சிதான் மருந்து."

சிலர் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார். என் பக்கத்திலிருந்த டம்ளரை எடுத்து அந்த ஆள் மேல் வீசலாமா என்று எனக்கு இருந்தது. தான் செய்த கொடுமையை இந்த மனிதர் இத்தனை வருடமாக வெற்றிக் கதையாக ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார். அவள் படித்ததற்குக்கூட இவரே காரணமாம்.

"அந்தப் பொண்ணு பேரு ஞாபகம் இருக்குதா சார்?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"இல்ல டீச்சர். ஏதோ குப்பத்துப் பேரு."

"சரி. இதையே நடிச்சிப் பாப்பமா? நேத்து மதாம் சொன்னாங்களே, அந்த மாதிரி. வாத்தியாரா ஒருத்தர், பொண்ணா ஒருத்தர். யாரு வர்றீங்க?"

மேடை என்றால் நாராயணசாமிக்குப் பிடிக்கும் போலிருந்தது. பெண்ணாக நானே வருகிறேன் என்று சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். வாத்தியாராக வந்தவன் வெற்றிவேல் என்கிற இளைஞன். காரைக்காலில் அவரிடம் படித்தவனாம். சார் எப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியும் என்றான். டம்ளர் துடைக்கும் துணி ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தாள் அஞ்சலாட்சி.

வெற்றிவேல் அச்சு அசலாகச் செய்தான். அதே இழுவை, மூக்கின் நுனிக்கு இறங்கிய கண்ணாடி, விரலால் மேசையைத் தட்டுவது எல்லாம் இருந்தது. "எங்கேர்ந்து வருது இந்த நாத்தம்? எல்லாரும் மூக்கப் புடிங்க." கூடமே மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "துண்ட எடு. போர்டத் தொட. மேல தொட. எட்டலியா? எகிறித் தொட." நாராயணசாமி முதலில் சிரித்துக்கொண்டே துடைத்தார். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க நிற்க, பின்னால் சிரிப்பு கேட்கக் கேட்க, அவர் கை மெதுவானது. காது சிவந்தது. அவன் "எகிறு" என்று மறுபடியும் சொன்னான். அவர் துணியைக் கீழே இறக்கிவிட்டுத் திரும்பினார்.

"போதும்பா."

"திரும்பாதீங்க சார்" என்றாள் அஞ்சலாட்சி. "அந்தப் பொண்ணு பெல் அடிக்கிற வரைக்கும் அப்படியே நின்னுச்சி."

கூடத்தில் சிரிப்பு நின்றது. அவர் அவளைப் பார்த்தார்.

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சார் அது. அம்மாவாசை பொண்ணு. குப்பத்துப் பேரு அஞ்சலாட்சி. அந்தத் துண்டு எங்கப்பா கருமாதிக்கு வச்சிருந்த துண்டு. மறுநாள்லேர்ந்து நான் அழுவலன்னு சொன்னீங்களே. வீட்டுல எங்கம்மா அடிச்சதுல எனக்குக் காய்ச்சல் வந்துடுச்சி. அழுவறதுக்குத் தெம்பு இல்ல."

கைதட்டியவர் தலையைக் குனிந்துகொண்டார். நாராயணசாமி பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். அவர் படுகிற பாட்டைப் பார்த்து எனக்குப் பரிதாபம் வரவில்லை. நன்றாக வேண்டும் என்று இருந்தது. இதை மறைத்து எழுதுவதில் எனக்கு என்ன லாபம்?

ஜெனவியேவ் மதாம் கடைசிக் கொஞ்சத்தை வாசலில் நின்று பார்த்திருந்தார். மாலையில் எங்களை அழைத்துக் கதவைத் திறந்தே வைத்துப் பேசினார். அவர் கோபப்பட்டுக் கத்துகிற ஆள் கிடையாது.

"நீ அவரைப் பலர் முன்னால் வெட்கப்பட வைத்தாய், அஞ்சலாட்சி. எதைச் செய்யக் கூடாது என்று சொல்லிக்கொடுக்க வந்தாயோ அதையே செய்தாய்."

"ஆமாம் மதாம்."

"வருத்தமாக இருக்கிறதா?"

"இல்ல மதாம்."

அப்படியானால் இந்தப் பயிற்சியை மட்டும் நீங்கள் முடித்துக்கொடுங்கள், இனிமேல் நடப்பதற்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். பிடித்த வேலை கையை விட்டுப் போனது. அஞ்சலாட்சி நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள். மதாம் செய்தது நியாயம் என்று அவளே படி இறங்கும்போது சொன்னாள். பள்ளியில் பிள்ளைகளிடம் அவள் அப்படிச் செய்ய மாட்டாள், அது எனக்கும் தெரியும், மதாமுக்கும் தெரியும். ஆனால் நாராயணசாமி பிள்ளை இல்லையே.

கீழே ஸ்கூட்டிக்குப் பக்கத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர், நான் வேணும்னு செய்யல. அந்தக் காலத்துல எல்லாரும் அப்படித்தான்."

அஞ்சலாட்சி ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

"அந்த மையத்துக்கு என்னைச் சொல்லியிருக்காங்க. வீட்டுல நானும் என் சம்சாரமும்தான். புள்ளைங்க கெடையாது. ஓய்வுக்கு அப்பறம் சும்மா உக்காந்திருந்தா எனக்குப் பைத்தியம் புடிச்சிடும். நீங்க மனசு வைக்கணும்."

"எங்கம்மா வைத்திக்குப்பத்துல இருக்குது. ஞாயித்துக்கெழம காலைல பீச் ரோட்டுக்கு வாங்க, நான் கூட்டிட்டுப் போறேன். மேல அத்தினி பேரு முன்னாடி பெருமையா சொன்னீங்களே, அத எங்கம்மாகிட்ட சொல்லுங்க. ஒரு வார்த்தகூட மாத்தாம."

"சொன்னா?"

"மொதல்ல வாங்க."

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறுவதற்கு முன்பே வந்துவிட்டார். அதே வெள்ளைச் சட்டை. பீச் ரோட்டின் வடக்கு முனையில் நாங்கள் நின்றிருந்தோம். வணக்கம் சொன்னார். அஞ்சலாட்சி வணக்கம் சொல்லவில்லை.

"சார், ஒண்ணு சொல்லிடறேன். மையம் உங்களுக்குக் கெடைக்காது. நேத்தே மதாம்கிட்ட வேணாம்னு சொல்லிட்டேன். நிர்மலாவும் சொல்லிட்டா. வந்தா குடுப்பேன்னு நான் உங்களுக்கு வாக்குக் குடுக்கல."

இது எனக்குத் தெரியும், அவர் முகம் எப்படிப் போகும் என்று பார்க்கத்தான் நான் கூடவே வந்திருந்தேன். முகம் போனது. திரும்பிப் போய்விடுவார், அவளுடைய வைராக்கியம் அவளுடைய காரியத்தையே கெடுத்துவிட்டது என்று நினைத்தேன். அவர் கடலைப் பார்த்தார். பிறகு, "எந்தப் பக்கம் போவணும்?" என்று கேட்டார்.

அதற்காக அவர்மேல் எனக்கு மதிப்பு வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் திரும்பிப் போகிறவர்கள்தான் அதிகம் என்று எனக்குத் தெரியும்.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் பெரிய விசைப்படகுகள் கடலுக்குப் போகவில்லை. நிவாரணத்தில் கொடுத்த புது ஃபைபர் படகுகள் மட்டும் போய் வந்து கரையில் கிடந்தன. சுனாமிக்குப் பிறகு பல வாரம் டவுனில் ஒருவரும் மீன் வாங்கவில்லை. இப்போதுதான் பேரம் பேசுகிற சத்தம் திரும்பியிருந்தது. கீற்றுப் பந்தலுக்கு அடியில் சின்னப்பாப்பா உட்கார்ந்திருந்தாள். முன்னால் அன்னக்கூடையில் மீன். மகளைப் பார்த்ததும், "இன்னா, டீச்சரம்மாவுக்கு இன்னிக்கி வழி தெரிஞ்சிதா?" என்றாள். கூட வந்தவரை வாடிக்கை என்று நினைத்துக்கொண்டாள்.

"சங்கரா இருக்குது சார். இப்பதான் வந்துது. செவுளத் தூக்கிப் பாருங்க."

"மீன் வாங்க வரலம்மா" என்றார் நாராயணசாமி.

அவர் நின்றுகொண்டே சொன்னார். வகுப்பில் சொன்ன மாதிரிதான் தொடங்கினார். குப்பத்துப் பெண் ஒன்று என்று தொடங்கியவர், உங்க பொண்ணு என்று மாற்றிக்கொண்டார். துண்டு, கரும்பலகை, வாய்க்கால். மற்ற பிள்ளைகளைச் சிரிக்க வைத்ததையும் சொன்னார். மருந்து என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். பக்கத்தில் மீன் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் அரிவாள்மனையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். கடைசியில், "நான்தாம்மா தூக்கிப் போட வச்சேன். அது தொலைக்கல" என்றார்.

அஞ்சலாட்சி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்னப்பாப்பாவின் வாய் அந்தக் கரையில் பேர் போனது. அளவு குறைத்த வியாபாரியை மூன்று தலைமுறைக்கு இழுத்துத் திட்டுவாள். அந்த வாய் இந்த ஆள்மேல் திறக்க வேண்டும் என்றுதான் இவள் இத்தனை வருடம் காத்திருந்தாள். நானும் அதற்குத்தான் காத்திருந்தேன்.

சின்னப்பாப்பா கையைத் தண்ணீரில் கழுவினாள். புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"எந்த வாய்க்கால் சார்?"

"பெரிய வாய்க்கால். பள்ளிக்கூடத்துக்குப் பின்னாடி."

"அது எங்க போயி வுழுது?"

அவருக்குப் புரியவில்லை. "தெக்கால போயி கடல்லதான் வுழுது" என்றார்.

"அப்ப போயிச் சேந்துட்டுது" என்றாள் சின்னப்பாப்பா.

அவ்வளவுதான். அந்தக் கிழவியின் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆனால் முகம் தெளிந்திருந்தது. யார் தூக்கிப் போட்டது என்பதில் அவளுக்கு அக்கறையே இல்லை. துண்டு கடலுக்குப் போயிருக்கிறது, கடலில் அவர் இருக்கிறார். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

"நீங்க போங்க சார். வெயில் ஏறுது" என்றாள்.

அவர் கைகூப்பினார். மணலில் கால் புதையப் புதைய நடந்து போனார். ஒருவரும் அவரைத் திட்டவில்லை. அஞ்சலாட்சி அம்மா பக்கம் திரும்பினாள்.

"அவ்ளோதானா? அந்த ஆள ஒண்ணும் கேக்க மாட்டியா? நான் தொலைக்கல, தொலைக்கலன்னு இப்பவாவது உனக்குத் தெரிஞ்சிதா? போங்க சார்னு மரியாதையா அனுப்பி வைக்கிற?"

"அவர இன்னா கேக்கறது? அவரு யாரோ." சின்னப்பாப்பா மகளை நிமிர்ந்து பார்த்தாள். "உன்னத்தான் கேட்டிருக்கணும். இன்னாடி ஆச்சின்னு நான் கேக்கல."

நான் அஞ்சலாட்சியைப் பார்த்தேன். முதல் நாள் அவர் பெயர் சொன்னபோது மாறாத முகம் இப்போது மாறியது. அவ்வளவு கோபத்தை அவளிடம் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நாராயணசாமியைப் பார்க்கும்போதுகூட அவளிடம் அது இருந்ததில்லை.

"ஆமா, நீ கேக்கல" என்றாள். "எடுத்ததும் அடிச்ச."

"அடிச்சேன்."

"எத்தினி அமாவாச அந்த வார்த்தைய சொன்ன. என் பொண்ணு எதிரலயும் சொன்ன."

"சொன்னேன்."

"நான் மறக்க மாட்டேம்மா. அந்த ஆளுக்குன்னு வச்சிருந்தது இல்ல இது. உனக்குன்னு வச்சிருந்தது. நீ சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்."

மீன் வெட்டுகிற பெண்களில் ஒருத்தி ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தாள். சின்னப்பாப்பா கையைக் காட்டி நிறுத்தினாள்.

"மறக்காத" என்றாள் மகளிடம். "நான் செத்த பொறவும் மறக்காத."

பிறகு பலகையில் நகர்ந்து உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். அஞ்சலாட்சி உட்காரவில்லை. போகவும் இல்லை. யாரோ வந்து சங்கரா என்ன விலை என்று கேட்டார்கள். சின்னப்பாப்பாவுக்குக் குரல் எழும்பாததால், அஞ்சலாட்சி நின்றபடியே விலை சொன்னாள்.